பால்காரன் பெண்ணுக்குப் பால் ஆகாது

அருள்,

நீ கேட்காவிட்டாலும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை இன்று காலையில் வாந்தி எடுக்கவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, ஆனால் ரத்தம் கலந்து போகவில்லை. குழி விழுந்திருந்த கண் கொஞ்சம் தேறியிருக்கிறது. அழுதால் கண்ணீர் வருகிறது. பேத்தி கண்ணில் தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு உன் அப்பன் வந்துவிட்டான், என்ன செய்ய. எடை மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. கிருஷ்ணகிரியில் காட்டுகிற டாக்டர் ஒவ்வொரு தடவையும் தராசைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதுகிறார். அவர் ஏதாவது திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கிறது.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். நீ எடுத்தால் அல்லவா? எடுத்தாலும், "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். பாவம் அந்த மாடுகள், அவற்றின் பேரைச் சொல்லி எத்தனை நாளைக்குத் தப்பிப்பாய்? கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் வீட்டில் எங்கேயாவது கிடக்கும், மறுபடி கண்ணில் படும். அதனால்தான் எழுதுகிறேன்.

பர்கூரில் சம்பந்தி வீட்டில் மருமகளோடு வந்து உட்கார்ந்திருக்கிற மாமனார் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். அவர்கள் முகம் கோணவில்லை. சம்பந்தி காலையில் கல் பாலிஷ் போடுகிற இடத்துக்குப் போய்விட்டு மாலையில் உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு வருகிறார். குளிக்கிறதுக்கு முன்னால் வாசலில் நின்றே, "சம்மந்தி, புள்ள இன்னிக்கு எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை என் தோளில் போட்டால்தான் தூங்குகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெல்லா நேராக இங்கே கிளம்பியபோது அந்தத் தோளை ஓசூரில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. உன்மேல் கோபித்துக்கொண்டு கிளம்பியதாக நீ நினைத்தால் பாதி சரி. மீதிப் பாதி இதுதான்.

உன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ பிறந்தபோது உன் அம்மா அன்னம்மாளுக்கு ஜுரம் வந்து பால் கட்டிவிட்டது. உனக்குத் தொண்டை நனையவில்லை. அப்போது ஒருவர் தன் வீட்டுப் பசுவின் பாலைத் தினமும் கொண்டுவந்து கொடுத்தார். வேறு மாட்டுப் பாலைக் கலக்கக் கூடாது, ஒரே மாட்டுப் பால்தான் பிள்ளைக்கு ஆகும் என்று சொல்லிக் கொடுத்தார். நீ கொழுகொழுவென்று வளர்ந்தாய். அதற்கப்புறம் உன் அம்மா ஒரு பசு வாங்கிக் கட்டினாள். நான் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போய்விடுவேன், அவள் மாட்டோடு பேசிக்கொண்டிருப்பாள். நீ அந்தப் பசுவின் வாலைப் பிடித்து நடக்கக் கற்றவன். உனக்குப் பால் என்றால் வெறும் பால் இல்லை, அது போய்ச் சேர்ந்த உன் அம்மா. எனக்கு இது புரிகிறது என்பதை நீ முதலில் தெரிந்துகொள்.

அதனால்தானே எங்கே போனாலும் தூக்குவாளியில் பாலோடு போவாய்? ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க இதே வீட்டுக்கு வந்தபோது, பழமும் பூவும் நான் எடுத்துக்கொண்டு வர, நீ பஸ்ஸில் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு வந்தாய். சூளகிரியில் பிரேக் போட்டபோது பக்கத்தில் இருந்தவர் வேட்டி நனைந்தது, அவர் உன்னைத் திட்டியதில் பெண் பார்க்கிற படபடப்பே எனக்குப் போய்விட்டது. குழந்தை பிறந்த அன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவாளியோடுதான் ஓடி வந்தாய். நர்ஸுகளுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுக்கச் சொல்லி கேன்டீன்காரரிடம் கொடுத்தாய். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வேலையை விட்டுவிட்டு மாடு வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் குதித்தேன். நீ சாதித்துக் காட்டினாய். ஜூஜுவாடிப் பக்கம் இருக்கிற அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் கண்ணாடிப் பாட்டிலில் பால் போனது. கன்னடம் பேசுகிறவரிடம் கன்னடம், தெலுங்கு பேசுகிறவரிடம் தெலுங்கு, இந்திக்காரர்களிடம் உனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தி. குழந்தை பிறந்ததும் வண்டியின் இரண்டு பக்கமும் அவள் படத்தைப் பெரிதாக ஒட்டினாய். பக்கத்திலேயே, "எங்கள் குழந்தை குடிக்கும் பால், உங்கள் குழந்தைக்கும்." அந்த வண்டி தெருவில் திரும்பும்போது அவள் சிரிப்பதைப் பார்க்க நானே வாசலில் நிற்பேன். அப்போது அவள் தாய்ப்பால்தான் குடித்துக்கொண்டிருந்தாள் என்பதை நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளம்பரம்தானே என்று விட்டுவிட்டோம்.

ஸ்டெல்லா லீவு முடிந்து கம்பெனிக்குத் திரும்பினாள். செல்போன் உதிரி பாகம் செய்கிற லைனில் நின்றுகொண்டே வேலை. பஸ் ஏறிப் போய்விட்டு வருவதற்குள் சட்டை நனைந்து, பிறகு அதுவும் நின்று, பால் வற்றிக்கொண்டே வந்தது. குழந்தையைப் பகலில் பார்த்துக்கொண்டது நான். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? நீ சிவப்பியை மட்டும் தனியாகக் கறந்து, தனிச் சொம்பில் கொண்டுவந்து வைப்பாய். "இது வேற எதுலயும் கலக்கக் கூடாதுப்பா" என்பாய். நான் காய்ச்சி, ஆற்றி, தண்ணீர் கலந்து, பாலாடைச் சங்கில் ஊற்றிப் புகட்டினேன். ரசித்துக் குடித்தாள். 

சில நாளிலேயே சளிசளியாகப் போக ஆரம்பித்தது. பல் முளைக்கிறது என்றார்கள், சரி என்றோம். நிற்கவில்லை. கன்னத்தில் சொரசொரப்பாகத் தடித்தது. பின்பக்கம் தோல் உரிந்து, துணி பட்டாலே வீறிட்டாள். தெரு முனையில் இருந்த டாக்டர் மருந்து கொடுத்தார், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார். இரண்டு நாள் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். பால் மாந்தம் என்றார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டினார்கள். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுத்தோம். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தவரிடம் ஒரு சங்கு கழுதைப் பால்கூட வாங்கிப் புகட்டினோம், நமக்குத்தான் பால் மேல் அவ்வளவு நம்பிக்கையாயிற்றே!

நீ என்ன செய்தாய்? மாட்டை மாற்றினாய். சிவப்பிக்குச் சூடு, அதன் பால் ஆகவில்லை, வெள்ளச்சி பால் கொடுப்போம் என்றாய். வெள்ளச்சிக்கும் நிற்கவில்லை என்றதும், தீவனத்தில் பருத்திக்கொட்டையை நிறுத்தினாய். அப்புறம் கன்று ஈன்று நாளான மாடு, அப்புறம் பச்சைப் புல் மட்டும் தின்கிற மாடு. நான் சொம்பை மாற்றினேன், பாலாடையை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். வாழ்நாளெல்லாம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் நான். உதிரி பாகம் விரிசலாக வந்தால் டூலை மாற்றுவார்கள், மிஷினை மாற்றுவார்கள், ஆளை மாற்றுவார்கள். நல்ல பேரோடு வந்த இரும்பை மட்டும் கடைசி வரைக்கும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அங்கே அவர்களைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருப்பேன். என் வீட்டில் நானே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். குழந்தை கையில் எடையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தாள்.

பெங்களூரில் அந்தப் பெரிய டாக்டரிடம் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். டயப்பரை விரித்துப் பார்த்தார், கன்னத்தைத் தடவிப் பார்த்தார், என்ன கொடுக்கிறீர்கள் என்று ஆரம்பத்திலிருந்து கேட்டார். பாலில் இருக்கிற புரதம் இந்தக் குழந்தையின் குடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் குடல் புண்ணாகியிருக்கிறது, பாலை அடியோடு நிறுத்துங்கள் என்றார். நீ கேட்டாய்: "எந்த மாட்டுப் பாலுங்க டாக்டர் நிறுத்தணும்?" அவர் சிரிக்கவில்லை. "எந்த மாட்டுப் பாலும்தான். எருமை, ஆடு அதுவும் வேண்டாம்" என்றார். தயிர், வெண்ணெய், பிஸ்கட் எதிலும் பால் இருக்கக் கூடாது, ஸ்டெல்லா தாய்ப்பால் கொடுக்கிற வரைக்கும் அவளும் தொடக் கூடாது என்றார். புரதத்தை உடைத்துச் செய்த ஒரு பால்மாவை எழுதிக் கொடுத்தார். நிறையக் குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும், ஆனால் எப்போது கொடுத்துப் பார்க்கலாம் என்பதை நாங்கள் சொல்வோம், வீட்டில் சோதனை பண்ணாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். நீ தலையை ஆட்டினாய். பஸ் அத்திப்பள்ளி தாண்டியது. அப்புறம் சொன்னாய்: "அப்பா, இது வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

நானும் சரி என்றேன். அந்தப் பால்மாவில் ஒரு கசந்த வாடை அடிக்கும், குழந்தை முதலில் துப்பினாள். பிறகு பழகிக்கொண்டாள். கொஞ்ச நாளில் போக்கு நின்றது, தோல் ஆறியது, தொடையில் ஒரு மடிப்பு விழுந்தது. அந்த மடிப்பை ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "மாமா, இங்க பாருங்க" என்று அவள் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ மட்டும் அந்த டப்பாவைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாய். யாராவது வந்தால் சத்துமாவு என்று சொல்லச் சொன்னாய். மருந்தை ஒளித்து வைக்கிற வீட்டில் நோயை எப்படி விரட்டுவது?

அந்த நாட்களில்தான், எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிற இன்னொன்று நடந்தது. அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு பெண், வடக்கேயிருந்து வந்தவள், பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க நம் வாசலுக்கே வந்தாள். இடுப்பில் குழந்தை. தனக்குத் தெரிந்த தமிழில், "அண்ணா, உங்க பாப்பாக்கு இந்தப் பால் நல்லா இருக்கு. என் பாப்பாக்கு மட்டும் ஏன் லூஸ் மோஷன்?" என்று கேட்டாள். நீ நன்றாகக் காய்ச்சிக் கொடுங்கள் என்றாய். அவள் வண்டியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று போய்விட்டாள். நானும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் குழந்தைக்கு என்ன கோளாறோ, நமக்குத் தெரியாது. டாக்டரிடம் காட்டும்மா, எங்கள் குழந்தைக்குப் பால் ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு ஆண்பிள்ளைகள் நின்றோம், ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்ட ஞானஸ்நானத்தை வைத்தோம். கோயிலில் ஃபாதர் தலையில் தண்ணீர் ஊற்றி உன் அம்மாவின் பேரையே வைத்தார், அன்னம்மாள். நீ அழுதாய், நானும் அழுதேன். மண்டபத்தில் பிரியாணி, உன் பாலில் பாயசம். வாடிக்கையாளர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஸ்டெல்லா டப்பாவைத் திறந்து மாவு கலக்குவதைப் பார்த்துவிட்டு, கன்னடம் பேசுகிற ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்டார்: "ஏனப்பா, ஹாலு மாரோரு மனேலி டப்பா ஹாலா?" பால் விற்கிற வீட்டில் டப்பாப் பாலா என்று கேட்டதும் நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சிரிப்பைத் தாங்க உனக்கு முடியவில்லை. "அய்யய்யோ, அது வெளியூர் போறப்ப கொடுக்கறதுங்க. வீட்டுல நம்ம பாலுதான்" என்று சொல்லிக்கொண்டே என்னிடம் வந்து கையை நீட்டினாய். ஸ்டெல்லா பந்தியைக் கவனிக்கப் போயிருந்தாள். நான் குழந்தையைக் கொடுத்தேன். நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே கொடுத்தேன். "டேய், வேணாம்டா" என்றேன், அதுவும் உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஒரு பாலாடைதானேப்பா, நீ சும்மா இரு" என்றாய். நீ புகட்டினாய். வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். அவள் சப்புக்கொட்டிச் சிரித்தாள்.

பந்தி முடிந்து பாத்திரம் கழுவ ஆரம்பிக்கிற நேரத்தில் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வயிறு பிய்த்துக்கொண்டு போனது. உதடு வெளுத்து, கழுத்து நிற்காமல், கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற ஒரு நரம்பு கிடைக்கவில்லை. கையில் தேடினார்கள், காலில் தேடினார்கள். காலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிய தலையில் மழித்துத் தேடினார்கள். இந்த நேரமெல்லாம் உன் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நீ பால் புகட்டுகிற போட்டோவுக்கு உன் வாடிக்கையாளர் குரூப்பில் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா அதைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். உன்னைத் திட்டவில்லை. போனை உன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போய், "பால் கொடுத்துட்டாங்க டாக்டர்" என்று சொன்னாள். அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால்தான் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்தது. நாம் இரண்டு பேரும் அது வரைக்கும் பிரியாணி வாடை ஆகவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உனக்கு உன் அம்மாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சந்தை சந்தையாகக் கருவாடு விற்றவர். உன் அம்மாவுக்குக் கருவாடு ஆகாது, ஒரு துண்டு தின்றால் உடம்பெல்லாம் தடித்துக் கண் மூடிக்கொள்ளும். அதை அவர் ஒளித்தாரா? கிருஷ்ணகிரிச் சந்தையில் நின்றுகொண்டு, "எம் பொண்ணுக்குத்தான் ஆவாது, உனக்கு ஆவும், எடுத்துக்கோம்மா!" என்று கூவுவார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போவார்கள். பெண் பார்க்கப் போன என்னிடமும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னார். அவர் மகள் முழுசாக வளர்ந்தாள், உன்னைப் பெற்றாள். உன் பால் நல்ல பால், அருள். ஆயிரம் பேர் குடிக்கலாம், நானும் குடிப்பேன். உன் மகளுக்கு ஆகாது. இந்த இரண்டும் ஒரே வாயால் சொல்லக்கூடிய விஷயம்தான். சொன்னால் நாலு பாட்டில் குறையலாம், குறையட்டுமே.

இன்னும் உனக்குக் கோபம் இருக்கும். அவளே போனாள், அவளே வரட்டும் என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவள் உன்னை விட்டுப் போகவில்லை, பாலை விட்டுப் போயிருக்கிறாள். அந்த வீட்டில் எந்தக் கை எப்போது பாலாடையோடு வரும் என்று பயந்து, என் கையையும் சேர்த்துத்தான் பயந்து போயிருக்கிறாள். முதல் வாரம் நான் மாவு கலக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று டம்ளரை மோந்து பார்த்தாள். எனக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. பொறுத்துக்கொண்டேன். இப்போது மோந்து பார்ப்பதில்லை, தூரத்திலிருந்து பார்க்கிறாள். உனக்கும் அப்படித்தான் நடக்கும், நீயும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெண்டாட்டி நம்பவில்லையே என்று குதிக்காதே.

அந்த வண்டியில் இருக்கிற படத்தைக் கிழித்துவிடு. பாதி கிழித்து அசிங்கமாக விடாதே, வெந்நீர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டு. வடக்கேயிருந்து வந்த அந்தப் பெண் வீட்டுக்குப் போய், உள்ளதைச் சொல்லிவிட்டு வா. குரூப்பிலும் நீயே எழுது. கன்னடத்தில் எழுது, தெலுங்கில் எழுது, எந்த பாஷையில் உனக்கு வெட்கம் குறைவாக இருக்கிறதோ அதில் எழுது. இதையெல்லாம் செய்தால் குழந்தை தேறிவிடுவாள் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அந்தத் தராசு முள் என் பேச்சைக் கேட்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அருள். தோளில் அவள் கனமே தெரியவில்லை. மூச்சு வருகிறதா என்று அடிக்கடி கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன்.

நேற்று மாலை துணி மடித்துக்கொண்டே ஸ்டெல்லா கேட்டாள்: "மாமா, அவர் வர்றதா இருந்தா, கையில பால் தூக்கிட்டு வருவாரா?" நீ வருவாயா என்று அவள் கேட்கவில்லை. வருவாய் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுந்து இந்தக் கடிதத்துக்குத் தாள் தேடப் போனேன்.

பச்சைப் பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று நம் பக்கம் எல்லாரும் சொல்வார்கள், உன் அம்மாவும் சொல்வாள். கறவை முடிந்ததும் கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு. சட்டையை மாற்றிக்கொள். தூக்குவாளியைக் கொட்டகையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு பஸ் ஏறு. வெறுங்கையோடு வா, அருள். குழந்தையைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.

அப்பா